மாடிப்படி விளக்கு

இன்ஸ்பெக்டர் ஐயா, பல்பைக் கழற்றினால் வேறு பல்பு மாட்டாமல் வெறும் ஹோல்டரை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. பல வீடுகளில் இந்த அலட்சியம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது அலட்சியம் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இறந்தவள் என் கொழுந்தனின் மனைவி. நாங்கள் சின்னவள் என்போம். நல்ல பெண்தான், வாய் நிறைய அக்கா என்பாள். அவள் வந்த பிறகு என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "பெரியவ சமைச்சா வயிறு நிறையும், சின்னவ சமைச்சா மனசு நிறையும்" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சென்ற மாதம் அவள் ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்தாள். என் கணவர் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "பாத்தும்மா, விழுந்து வைக்காத. உங்க அக்கா விழுந்தா ஸ்டூலுக்குத்தான் அடிபடும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். இத்தனை வருடமும் அதே ஸ்டூலில் ஏறித்தான் நான் துடைத்தேன். பிடிக்க ஆள் வந்ததில்லை.

எங்கள் மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச், படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. எதில் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம். அதனால் சுவிட்சைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. விளக்கு எரிந்தால்தான் தெரியும். அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, எரிந்துகொண்டிருந்த பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினேன். சுவிட்சைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் ஃபியூஸ் போய்விட்டது என்றேன்.

மறுநாள் காலை சின்னவளிடம் புதுப் பல்பைக் கொடுத்தேன். அழுக்கு ஹோல்டரில் அவள் பல்பு மாட்ட மாட்டாள். முதலில் ஈரத்துணியால் துடைப்பாள். அவளுடைய சுத்தத்தை அந்த வீட்டில் என்னைப்போல் கவனித்தவர் யாருமில்லை.

ஸ்டூலில் ஏறி நின்று, "சுவிட்ச் அணைச்சிருக்காக்கா?" என்றாள்.

"லைட்டு எரியலையே" என்றேன்.

"பல்பே இல்லாம எப்படிக்கா எரியும்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு துணியை உயர்த்தினாள். ஸ்டூலைப் பிடித்திருந்த கையை நான் எடுத்துக்கொண்டேன்.

பொறாமை என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அவள் ஒரு தடவைதான் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.