சார் எப்ப வருவாரு?

பஸ் ஜன்னல் வழியா அந்தக் கடை போர்டையா பாக்கிய அண்ணாச்சி? ஆமா, வியட்நாம் கரண்டு காருதான். வள்ளியூர்க்காரன் ஏஜென்சி எடுத்துட்டான். எனக்கு வரவேண்டியது. வண்ணாரப்பேட்டைல இருவது வருசமா வேன் ஏவாரம் பாக்கேன், சிவசங்கரன்னா தெரியாத ஆளு கெடையாது.

அந்தக் கம்பெனிய இங்கன கொண்டாந்தது ஒரு பொம்பள. லின்னு பேரு, பேர வச்சு ஆம்பளைன்னுதான் அப்பம் நெனச்சிருந்தேன். அந்த அதிகாரியே நேர்ல வந்து ஆளப் பாத்துத்தான் ஏஜென்சி குடுக்கும்னாவ. நாங்க மாலை, சால்வைன்னு ஓட்டல் வாசல்ல நிக்கோம். யாரு எறங்குதா? கான்வாஸ் செருப்பு, கசங்குன சட்டை, தலைய ரப்பர் பேண்டுல முடிஞ்சிருக்கு. டைப் அடிக்க வந்த பிள்ளையாக்கும்னு, சார் எப்ப வருவாருன்னு கேட்டுட்டேன். இங்கிலீசுல சொல்லுதா, நாந்தான் அந்தச் சாருன்னு. சிரிக்காதிய. பெரிய அதிகாரின்னா பாத்தாத் தெரியாண்டாமா?

என் இங்கிலீசு அரைகுறை. அதனால வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சுடலைவடிவு. இங்கிலீசு டீச்சரா இருந்தவ, கல்யாணம் முடிஞ்சதும் நாந்தான் வேலைய நிப்பாட்டினேன்.

அந்தப் பொம்பள சால்வைய வாங்கி சீட்ல போட்டுட்டு, ஊர்க்குள்ள போவோம்ங்கா. கம்பெனி டிரைவரப் பக்கத்துல உக்கார வச்சிட்டு வண்டிய அவளே ஓட்டுதா. ஸ்ரீவைகுண்டம் தாண்டி வாழைத்தோட்டத்துப் பாதைல விட்டா. மொத நாள்தான் மழை. சக்கரம் சேத்துல பொதைஞ்சு போச்சு. டிரைவர ஸ்டியரிங்கப் பிடிக்கச் சொல்லிட்டு, பேன்ட்டச் சுருட்டிட்டு எறங்கித் தள்ளுதா! கூறு கெட்டவ. நான் வெள்ள வேட்டி கட்டியிருக்கேம்லா, உள்ளயே இருந்தேன். ஆனா வடிவு சேலையத் தூக்கிச் சொருவிட்டு எறங்கிட்டா, அண்ணாச்சி. ஏட்டி, ஏறுங்கேன். காதுலயே வாங்கல.

பெறவு சேத்துக் காலோட ரெண்டும் பேசுதுவோ, பேசுதுவோ, அப்படிப் பேசுதுவோ. எந்த ஊர்ல சாயங்காலம் கரண்டு கம்மியா வரும், எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்மாரு சேந்து வேன் பிடிச்சுப் போறாவ, களக்காட்டுல எந்த டாக்டரம்மா புதுக் காரு தேடுதாவ, எல்லாம் இவ சொல்லுதா. அவ நோட்டுல எழுதுதா. உனக்கு எப்படிட்டி இதெல்லாம் தெரியும்னேன். நீங்க கேட்டதில்லேன்னுட்டா.

ஒரு வாரத்துல தகவல் சொல்லுதேன்னு போனா அந்தப் பொம்பள. சொல்லவே இல்லையான்னு கேக்கியளா? ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிருவிய, உங்ககிட்டச் சொன்னா என்ன.

வந்துச்சு. வடிவு போனுக்கு. ஏஜென்சிய அவ பேர்ல தாராவளாம். அவதான் நடத்தணுமாம், நான் முதலப் போட்டுட்டு ஒதுங்கி இருந்தாப் போதுமாம். எப்படி இருக்கு பாருங்க! சேத்துல நிக்கவளுக்குச் சேத்துல நிக்கவதான் கண்ணுல படுவா.

வடிவு குளிக்கப் போயிருந்தா. நாந்தான் அவ போன்லருந்து பதில் அடிச்சேன். எனக்கு இஷ்டமில்ல, வீட்டு வேல இருக்குன்னு. அந்தப் பொம்பள அடுத்த நிமிசமே திருப்பிக் கேக்கா, நெசமாவே நீங்கதான் எழுதுதியளான்னு. ஆமான்னு போட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.

வடிவு இன்னும் தெனம் காலைல எந்திரிச்சதும் போனத்தான் எடுத்துப் பாக்கா. கூடச் சேந்து சேத்துல நின்னாளே, இல்லைன்னாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதான்னு அவள ஏசுதா. நானும் கூடச் சேந்து ஏசுதேன்.