வில்ஃபின் மோசமான நாள்

நீங்கள் டை கட்டியிருப்பது நல்லதாகப் போயிற்று. டை கட்டியவர்களிடம்தான் வில்ஃபுக்கு மரியாதை. முடிச்சு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவராக இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

அவர் என் அம்மாவின் இரண்டாவது கணவர். இந்தக் கிரிம்ஸ்பி ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். வீடு அவருடையது, பின்பக்க அறை எனக்கு. பள்ளியைப் பாதியில் விட்ட நாளிலிருந்து மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் எழுந்திருக்கும்போது நான் படுப்பேன். கையில் மீன் வாடை போகவே போகாது. போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு டோரீனின் வாசலில் பனியில் வழுக்கி வில்ஃப் இடுப்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து, பிடித்து நடக்கிற வாக்கரோடு வந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன். குளிப்பாட்டினேன், காலுறை மாட்டிவிட்டேன், சமைத்தேன். நன்றாகவே செய்தேன்.

வசந்தத்தில் கவுன்சிலிலிருந்து மிஸ் ஹார்கிரேவ் வந்தார். வில்ஃபுக்கு என்ன உதவி தேவை, பராமரிக்கிற எனக்கு என்ன தேவை என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. உள்ளே போகுமுன் நடைவழியில் நின்று என்னிடம் கேட்டார்: "நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க, ரஸல்?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. அதுவரை என்னிடம் யாரும் கேட்டதெல்லாம் ஏன் தாமதம் என்பது மட்டும்தான். உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

உள்ளே வில்ஃப் எல்லாவற்றையும் கெடுத்துவைத்திருந்தார். எனக்கு முன்பே எழுந்து சவரம் செய்து, வெள்ளைச் சட்டையும் பஸ் கம்பெனி டையும் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல கண்ணு. மழை வந்தா இடுப்பு முன்னாடியே சொல்லிடும், அவ்வளவுதான்."

"குளிக்கிறதெல்லாம்?"

"பக்கத்து வீட்டு டோரீன் மூக்கைப் பொத்திக்கிட்டா குளிச்சிடுவேன்."

அந்தப் பெண் சிரித்தார். வில்ஃப் எழுந்து, ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதோடு முடிந்தது. அவரால் தனியாக இருக்க முடியும் என்று முடிவு வந்தது. "நல்ல சேதிதானே ரஸல், இனி உங்க வாழ்க்கையப் பாக்கலாம்" என்று மிஸ் ஹார்கிரேவ் போனில் சொன்னார்.

அன்று சாயங்காலமே வில்ஃப் பேச்சை எடுத்தார். "நான் தேறிட்டேன் பையா. ஆலையில திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேளு. உனக்குன்னு ஒரு இடம் பாரு. நான் உன் கழுத்துல தொங்கக் கூடாது."

அன்பாகத்தான் சொன்னார். துரத்த நினைக்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். டோரீன் அடிக்கடி சீட்டாட வருவதையும், நான் உள்ளே போனதும் இருவரும் பேச்சை நிறுத்துவதையும் கவனித்திருந்தேன்.

இன்னொரு முறை வந்து பார்க்கச் சொல்லி கவுன்சிலுக்கு எழுதிப் போட்டேன். பராமரிப்பவர்களுக்கு ஆலோசனை சொல்கிற போன் எண் ஒன்று இருக்கிறது. அங்கே பேசிய பெண் விவரமானவர். "நல்ல நாளைச் சொல்லாதீங்க, மோசமான நாளைச் சொல்லுங்க. வயசானவங்க ஆள் வந்தா நிமிந்து உக்காந்துடுவாங்க. வந்தவங்களும் அதையே நம்பிடுவாங்க."

அவர் மேல் தப்பில்லை. சரியான யோசனைதான். ஆனால் வில்ஃபுக்கு மோசமான நாள் என்று ஒன்று இல்லை. அதனால் தயார்செய்ய வேண்டியிருந்தது.

அவர் காதுக் கருவியில் தீர்ந்துபோன பேட்டரியைப் போட்டுவைத்தேன். முதலில் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், பிறகு பதில் சொல்வதையே விட்டார். வாக்கரின் உயரம் மாற்றும் கால்களை ஒரு துளை இறக்கினேன். முதுகு தானாக வளைந்தது. தேயிலை டப்பாவை அடிக்கடி இடம் மாற்றினேன். கடைசியில் பாத்திரத் தொட்டிக்குக் கீழே, சலவைத்தூளுக்குப் பின்னால் வைத்தேன். அவர் தேடுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். "பரவாயில்ல வில்ஃப், எல்லாருக்கும் மறக்கும்." ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. முதலில் கோபமாகத் தேடினார், பிறகு வெட்கத்தோடு. பிறகு தேடாமல் நாற்காலியில் உட்கார்ந்து நான் வரும்வரை காத்திருந்தார். தேநீரைக் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த வாரங்களில்தான்.

டோரீனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "டேய் ரஸல், சீட்டுல இன்னும் என்னைத் தோக்கடிக்கிறார். டீ டப்பா மட்டும் எப்படிடா மறக்கும்?"

"மூளை அப்படித்தான் டோரீன். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு."

"சுவிட்ச் யார் கையில இருக்கு?"

வருகிறவர்களால் அவர் களைத்துப்போகிறார் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மிஸ் ஹார்கிரேவ் இரண்டாம் முறை வருகிற நாள். டைகளை எல்லாம் முந்தின நாளே என் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். காலையில் நான் மாடியில் இருந்தபோது சமையலறையில் சத்தம் கேட்டது. இறங்கிப் போனால் தொட்டிக்குப் பக்கத்தில் வில்ஃப் விழுந்து கிடந்தார். கால் திரும்பிக் கிடந்த விதம் சரியில்லை. தலைக்குக் கீழே கொஞ்சம் ரத்தம். தேயிலை டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"அந்தப் பொண்ணு வந்துடுச்சா?" என்றார். "டை எடுத்துட்டு வா பையா."

போனை எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது. ஆம்புலன்ஸ் வந்தால் அவரைத் தூக்கிப் போய்விடும். மிஸ் ஹார்கிரேவ் வந்து காலி வீட்டைப் பார்ப்பார். மருத்துவமனையில் மறுபடியும் சரிசெய்து அனுப்புவார்கள். போன முறையே தேவைக்கு மேல் சரிசெய்திருந்தார்கள். மோசமான நாள் தானாக வந்திருக்கிறது, மிஸ் ஹார்கிரேவ் வரவும் அதிக நேரமில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்று போனைக் கீழே வைத்தேன்.

அது ஒலித்தது. மிஸ் ஹார்கிரேவ்தான். இன்னொரு வீட்டில் மாட்டிக்கொண்டாராம், மதியத்துக்கு மேல் வரலாமா என்று கேட்டார். "வாங்க, நாங்க எங்கயும் போகல" என்றேன்.

தலைக்குத் தலையணை வைத்தேன், போர்வை போர்த்தினேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இனி அவசியமில்லை என்பதால் காதுக் கருவியில் புதுப் பேட்டரியும் போட்டேன்.

"ஆம்புலன்ஸ் கூப்டியா?"

"வந்துகிட்டிருக்கு."

"நல்ல பையன்."

டோரீன் வந்து தட்டினார். தூங்குகிறார் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னேன். வில்ஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தம் வரவில்லை. அதன்பின் அமைதியாகிவிட்டார். தூக்கம் என்றே நினைத்தேன். எழுப்ப மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் வாசல் மணி அடித்ததும் மிஸ் ஹார்கிரேவை உள்ளே அழைத்துப் போனேன். தயார்செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்: குளியல், காலுறை, மறதி. அவர் கேட்கவே இல்லை. மண்டியிட்டு, வில்ஃபின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நடைவழியில் பார்த்த முகம் அது இல்லை.

ஆம்புலன்ஸை நான் அழைக்கவில்லை. மறந்து போகவில்லை, பயத்தில் விட்டுவிடவும் இல்லை. தெரிந்துதான் அழைக்கவில்லை. காலையில் அழைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள், இருக்கலாம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காலையிலிருந்து அவர் பக்கத்தைவிட்டு நான் நகரவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று ஆம்புலன்ஸ்காரர்கள், உங்கள் போலீஸ்காரர்கள் என்று அத்தனை பேர் அந்த வீட்டுக்குள் வந்து போனார்கள். நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்தேன்.