நரம்பு மட்டும் மிஞ்சிய மரம்

அக்கா: ...ஏன்டா, வந்ததுலேர்ந்து கேட்டுக்கும் கிணத்துக்கும் நடந்துட்டே இருக்க? அந்த ஸ்டூல்ல உக்காரு.

தம்பி: பரவால்லக்கா. ஆபீஸ் வேலையா வந்தேன். பாத்துட்டுப் போயிடறேன்.

அக்கா: பூங்காத் துறையில சூப்பர்வைசர் ஆயிட்டா, கூடப்பொறந்தவ வீட்டுக்கு வர்றதுகூட ஆபீஸ் வேலையா?

தம்பி: கிண்டல் பண்ணாதக்கா... சரி, உள்ள போய்ப் பேசலாமா?

அக்கா: உள்ள ஒரே புழுக்கம். இங்கயே இருப்போம். எதைப் பாக்க வந்த?

தம்பி: இந்த... இந்த ஆத்தோரத்து வில்லோ மரத்தைத்தான். என்ன இப்படிக் கருகிப் போயிருக்கு?

அக்கா: பூச்சிடா. கிளையை வளைக்கறேன், பாரு.

தம்பி: ம்... இலை வண்டு. அந்த இலையைத் திருப்பு. அடியில மஞ்சளா, கொத்தா...

அக்கா: முட்டை.

தம்பி: அதேதான். பொரிச்சதும் புழுவெல்லாம் தோளோட தோள் ஒட்டி வரிசையா நின்னு சுரண்டும். பச்சையை மட்டும் தின்னுட்டு நரம்பை விட்டுரும்.

அக்கா: உன்னை மாதிரி. கறியைத் தின்னுட்டு காயைத் தட்டோரம் ஒதுக்குவியே!

தம்பி: இப்பவும்தான்... அப்புறம் இலையிலயே தலைகீழா ஒட்டிக்கிட்டு கூட்டுப்புழுவாத் தொங்கும். அதுலேர்ந்து நீலமா, பளபளன்னு வண்டு வரும். அதுவும் இலையைக் கடிச்சு ஓட்டை போடும், முட்டை போடும். குளிர் வந்தா பட்டை இடுக்குல பதுங்கிக்கும். துளிர் விட்டதும் மறுபடி முதல்லேர்ந்து...

அக்கா: அதான் எவ்வளவு பொறுக்கினாலும் தீர மாட்டேங்குது. சோப்புத் தண்ணியில போட்டுப் போட்டு என் கையெல்லாம் ஊறிப்போச்சு.

தம்பி: ஏணி போட்டு ஏறினியா? இந்த முட்டியை வச்சுக்கிட்டா? இனிமே பொறுக்காதக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: வேண்டாம்னா வேண்டாம்... விடேன்.

அக்கா: மரம் செத்துருமா?

தம்பி: சேச்சே! வில்லோ அவ்வளவு லேசுல சாகாது. மொத்த இலையும் போனாக்கூட திரும்பத் துளிர்த்துரும்.

அக்கா: அப்பாடா. அப்ப கவலையில்ல.

தம்பி: இல்லக்கா... இதை வெட்டணும்.

அக்கா: இப்பதானடா சாகாதுன்ன?

தம்பி: அது... பூச்சி பக்கத்து மரத்துக்கெல்லாம் பரவுமில்ல...

அக்கா: பக்கத்துல ஏதுடா மரம்? அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் என் சமையல்கட்டு. பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துரும். இப்ப ரெண்டும் சிவந்திருக்கு. சொல்லு, மரத்தை மட்டும்தானா?

தம்பி: இதைச் சொல்ல வேற யாராவது வந்திருப்பாங்கக்கா. நான்தான் "எங்க அக்கா வீடு, நானே போறேன்"னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

அக்கா: சரி, வந்துட்டல்ல. சொல்லு.

தம்பி: போன வெள்ளத்துல ஆறு உள்ள வந்துச்சில்ல... கரையை உசத்திச் சுவர் கட்டப் போறாங்க. சுவர் இந்த மரத்து வழியா வருது. அப்புறம்... கொஞ்சம் இரு...

அக்கா: தண்ணி வேணுமா?

தம்பி: வீடும் போகுதுக்கா! இந்த வரிசை முழுக்க. மாத்து வீடு தர்றாங்க. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். திட்டேன். இவன்லாம் ஒரு தம்பியான்னு ரெண்டு அடி அடியேன். ஏதாவது சொல்லுக்கா!

அக்கா: உன் பொண்டாட்டி போன வாரமே வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போனாடா. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு சோறு தண்ணி இல்லாம அலையறாரு, அண்ணி"ன்னா. அன்னிக்கு அழ வேண்டியதை நானும் அழுது தீத்துட்டேன். அப்புறம் கை சும்மா இருந்தா மனசு கண்டபடி ஓடுது, அதான் இந்தப் புழுவோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். நீயா வாயைத் திறந்து இறக்கி வைக்காம உன் மனசு ஆறாதுன்னுதான் தெரியாத மாதிரியே இருந்தேன். இப்ப உள்ள வா. பாத்திரம், துணிமணி எல்லாம் கட்டி வச்சாச்சு. பீரோவை மட்டும்தான் தனியா நகர்த்த முடியல. ஒரு கை பிடி.