மேல் பட்டன்

தங்கை: மெதுவாப் பேசு அண்ணா. அப்பாவுக்குப் பக்கவாதத்துல விழுந்தது வலது கைதான். காது நல்லாவே கேக்கும்.

அண்ணன்: நான் எங்க கத்தினேன்? புதுச் சட்டம் சரிதான்னு சொன்னேன். அதைச் சொல்லக்கூட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?

தங்கை: ரொம்பச் சரி! மூணு வருஷமா அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வச்சவ நாளன்னிக்கு விமானம் ஏறப்போறா. வெளிநாட்டு ஆளுங்களுக்கு இனிமே அனுமதி நீட்டிக்க மாட்டாங்களாம். மறுநாள் காலையில அப்பாவுக்கு யாரு சட்டை போட்டு விடுவா? உன் சட்டம் வந்து போட்டு விடுமா?

அண்ணன்: இங்கயே பிறந்து படிச்ச பிள்ளைங்க போட்டு விடும். என் பொண்ணையே எடுத்துக்க. வயசானவங்களைப் பார்த்துக்கிற படிப்பை முடிச்சிட்டு எத்தனை நாள் வீட்டுல உக்காந்திருந்தா? போன இடமெல்லாம் என்ன சொன்னாங்க? "பாதிச் சம்பளத்துக்கு வெளியாளு கிடைக்குதும்மா"ன்னு.

தங்கை: பாதிச் சம்பளம் கொடுத்தது யாரு? வந்தவங்களா, முதலாளியா?

அண்ணன்: முதலாளிதான். யார் இல்லைன்னா? வெளிநாட்டுல இருந்து வந்தவங்க தங்கியிருக்கிற கட்டடத்துக்கு நான் கரண்ட் வேலைக்குப் போயிருக்கேன். ஒரு அறைக்குள்ள கட்டில் மேல கட்டில். காத்து வர்ற ஜன்னல்ல துணி காயுது. மனுஷங்க இருக்கிற இடமா அது? கணக்கு வழக்கில்லாம ஆளைக் கூட்டிட்டு வந்தா இதுதான் நடக்கும்.

தங்கை: அப்ப முதலாளியைப் பிடிச்சு உலுக்கணும். அங்க படுத்திருக்கிறவளை எழுப்பி ஊருக்கு அனுப்பினா அவ பாடு சரியாயிடுமா?

அண்ணன்: ஒரேயடியா யாரும் வரக்கூடாதுன்னு நான் சொல்லல. நிதானமா வரட்டும். நம்ம பிள்ளைங்களுக்கு வேலை, வீடு இருக்கான்னு பார்த்துட்டு வரட்டும். வாடகை எங்க போய் நிக்குது பாரு.

தங்கை: உன் மாடி வீட்டு வாடகையைச் சொல்றியா? அதை ஏத்தினது எந்த நாட்டுக்காரன்?

அண்ணன்: ...அது வேற விஷயம்.

தங்கை: வேறதான். எங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பாரு. சலவைப் பக்கம் பாதி ஆளுங்க கிளம்பியாச்சு. விரிப்பு துவைக்க ஆளில்லாம ஒரு வார்டையே பூட்டி வச்சிருக்கோம். முதியோர் இல்லத்துலயும் அதே கதை. "கட்டில் இருக்கும்மா, பார்த்துக்க ஆள் இல்ல, காத்திருங்க"ன்னு...

அண்ணன்: நில்லு. இல்லத்துல போய் எதுக்குக் கேட்டே?

தங்கை: அப்பாவுக்கு ஒரு இடம் கிடைக்குமான்னு.

அண்ணன்: என்கிட்ட சொல்லாமலா?

தங்கை: வேற என்ன பண்றது? உன் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சு, சந்தோஷம். ஆனா இங்க காலையில ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு ஓடத்தான் அவளுக்கு நேரம். நான் வர சாயங்காலம் ஆயிடும். நடுவுல முழுப் பகலும் அப்பா தனியா. ஒரு பட்டன் போட முடியாது, ஒரு டம்ளர் தண்ணி எடுக்க முடியாது. எந்த தைரியத்துல விட்டுட்டுப் போறது?

அண்ணன்: இல்லத்துல விட்டா அப்பா ஒடிஞ்சு போயிடுவார்மா. அம்மா இருந்த வீடு இது.

தங்கை: எனக்குத் தெரியாதா? தினமும் கடவுள்கிட்ட அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அண்ணன்: ...ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அப்பாவைப் பார்த்துக்கிற அந்தப் பொண்ணும் முன்ன மாதிரி இல்ல.

தங்கை: ஆரம்பிச்சுட்டியா?

அண்ணன்: நிஜமாத்தான். போன வாரம் வந்தப்ப அப்பா சட்டையைப் பார்த்தேன். ஒரு பட்டன் விட்டு அடுத்த ஓட்டையில. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, ஒரு பக்கம் தொங்குது. அதுக்கு முன்னால வந்தப்ப மடியில டீ சிந்திக் காய்ஞ்சு கிடந்தது. அவ எதிர்ல சும்மா நின்னுக்கிட்டு இருக்கா! எனக்கு வந்ததே கோபம்... "போற நேரத்துல இப்படியா"ன்னு கேட்டுட்டேன்.

தங்கை: கேட்டியா? என்ன சொன்னா?

அண்ணன்: தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

தங்கை: ...நானும் பார்த்தேன். குப்பையில உடைஞ்ச கிண்ணம். அப்பா தலைமுடியில வகிடு கோணல். உன்கிட்ட சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு ஆடுவியேன்னு சொல்லல. நானும் ஒரு வார்த்தை கேட்டேன். "மன்னிச்சுக்கங்க அக்கா, கொஞ்ச நாள்ல சரியாயிடும்"னா.

அண்ணன்: கொஞ்ச நாள்ல ஊருக்கே போயிடுவா, என்ன சரியாகும்?

தங்கை: பாவம், மனசு எங்கேயோ இருக்கும். அவ நிலைமையில நாம இருந்தா... அது சரி, கதவுக்குப் பின்னால என்ன ஒளிச்சு வச்சிருக்கே?

அண்ணன்: எதுவும் இல்ல.

தங்கை: சக்கரம் வச்ச பெட்டி! புதுசு! யாருக்கு?

அண்ணன்: அவ துணிப்பையில ஜிப் போயிடுச்சு. கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கா. விமான நிலையத்துல அதை இழுத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?

தங்கை: அடேங்கப்பா. போன்னு சொல்ற சட்டத்துக்குக் கையும் தட்டுவே, போறவளுக்குப் பெட்டியும் வாங்குவே!

அண்ணன்: சட்டம் வேற, அந்தப் பொண்ணு வேற.

தங்கை: அந்த மாதிரிப் பொண்ணுங்களுக்குத்தான் அண்ணா அந்தச் சட்டம்.

அண்ணன்: ...சரி விடு. இப்ப அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசி. அவ அலுவலகத்துல வேலை அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கா. வர்றதுக்குள்ள சொல்லி ஆகணும்.

தங்கை: நீ மூத்தவன். நீ சொல்லு.

அண்ணன்: நீதான் செல்லப் பொண்ணு. நீ சொல்லு. "லீவுல போறா, அம்மாவைப் பார்த்துட்டு வந்துடுவா"ன்னு சொல்லிடலாம்.

தங்கை: பொய்யா? தினமும் ரெண்டு வேளை பிரார்த்தனை பண்ற மனுஷன்கிட்ட போய்...

அண்ணன்: அப்ப நிஜத்தைச் சொல்லி அழ வை.

தங்கை: ஷ்ஷ்... அப்பா அறைக் கதவு திறக்குது.

அப்பா: என்ன, சட்டசபை கலைஞ்சுதா? நான் வெளிய வரலாமா?

அண்ணன்: வாங்கப்பா, பார்த்து... கையைப் பிடிச்சுக்கவா?

அப்பா: வேணாம்டா. கம்பு இருக்கு.

தங்கை: உக்காருங்கப்பா. உங்ககிட்ட ஒரு விஷயம்... நம்ம பொண்ணு இருக்கால்ல, அவ கொஞ்ச நாள் லீவுல...

அப்பா: யாரு, வாத்தியாரம்மாவா?

அண்ணன்: எதுக்குப்பா அவளை எப்பவும் வாத்தியாரம்மாங்கறீங்க? ரொம்ப அதட்டுறாளா?

அப்பா: அதட்டல்தான். பக்கத்துலயே வர மாட்டா. நீ சொல்லும்மா. லீவுல?

தங்கை: லீவுல அவங்க அம்மாவைப்... அப்பா! நான் வந்தப்ப நீங்க பனியனோடதானே படுத்திருந்தீங்க?

அப்பா: ஆமா.

தங்கை: இப்ப சட்டை போட்டிருக்கீங்க. பட்டனெல்லாம் நேரா இருக்கு. மேல ஒண்ணுதான் திறந்திருக்கு. வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம், நாங்க யாரும் உள்ள வரல...

அப்பா: நீங்க நாட்டைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு சட்டையைப் போட்டு முடிச்சேன்.

அண்ணன்: நீங்களா? இடது கையால மட்டுமா?

அப்பா: அனுமதி நீட்டிக்க மாட்டோம்னு அவளுக்குக் கடுதாசி வந்த அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா. தன் வேலை போச்சேன்னு அழல. "நான் போனா உங்க பட்டனை யாரு போடுவா"ன்னு அழுதா. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "வாங்க, பழகலாம்"னா. அன்னியிலேருந்து சட்டை, டீ, சீப்பு எல்லாம் நானே. அவ எதிர்ல நிப்பா, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு.

தங்கை: எதுக்கு?

அப்பா: பாவம் பார்த்து உதவி பண்ணிடக் கூடாதுன்னு. நான் தடுமாறினா அவ தோள் ரெண்டும் துடிக்கும், ஆனா கையை எடுக்க மாட்டா. கடவுள் என் ஒரு கையை எடுத்துக்கிட்டார்ம்மா. பதிலுக்கு அந்த ரெண்டு கையைப் பின்னால கட்டி நிறுத்தி வச்சார்.

அண்ணன்: அப்ப அந்தக் கோணல் பட்டன்... சிந்தின டீ...

அப்பா: எல்லாம் என் கைவேலை. உடைஞ்ச கிண்ணமும்.

தங்கை: எங்ககிட்ட ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?

அப்பா: நல்லாப் பழகினப்புறம் காட்டலாம், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். அதுக்காக அவ உங்ககிட்ட பேச்சு வாங்குவான்னு எனக்குத் தோணல. உள்ள இருந்து இப்பத்தான் கேட்டேன். நீ வாங்கின பெட்டியை நீயே கொடுடா. கொடுக்கிறப்ப, அன்னிக்குக் கேட்டதைத் திருப்பி வாங்கிக்க.

அண்ணன்: வாங்கிக்கிறேம்ப்பா. ஆனா... சட்டத்தைப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான். என் பொண்ணு சும்மா உக்காந்திருந்ததை நான் மறக்க முடியாது.

அப்பா: மறக்கச் சொல்லல. உன் பொண்ணு பாடும் நிஜம், இவ பாடும் நிஜம். நீங்க ரெண்டு பேரும் அதைப் பேசி முடிக்க வருஷக்கணக்கா ஆகும். நான் இந்த வீட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.

தங்கை: இந்த வீட்டுலதாம்ப்பா. இல்லத்துக்கு வேணாம்னு நாளைக்கே சொல்லிடறேன்.

அண்ணன்: வாசல்ல யாரோ செருப்பைக் கழட்டுறாங்க. அவதான்.

அப்பா: அய்யோ, சீக்கிரம்! யாராவது ஒருத்தர் இந்த மேல் பட்டனைப் போட்டு விடுங்க. அது மட்டும் இன்னும் எனக்கு வரல... எல்லாத்தையும் நானே போட்டேன்னு நினைச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு நிம்மதியா ஊருக்குப் போகட்டும்.