கியர் பெட்டிமேல் சிவப்புப் புள்ளி

"தொடாமலே நோவு கண்டுபுடிக்கிறாராமே! ஏம்பா, வைத்தியருகூட கையப் புடிச்சித்தான் நாடி பாக்குறாரு. நீ இன்னாடான்னா ஆறடி தள்ளி நின்னு வெளக்கு அடிச்சிக்கினு இருக்கிற..."

ஐயம்பேட்டைப் பட்டு நூல் முறுக்கும் ஆலையின் மிஸ்திரி ராஜவேலு இவ்வாறு பொரிந்து தள்ளியபோது, சென்னைப் பொறியியல் கல்லூரியிலிருந்து லேசர் கருவியுடன் வந்திருந்த தனசேகரன் கருவியைக் குறிபார்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக நூல் ஓயாமல் அறுந்துகொண்டிருந்ததால், முதலாளி அப்பாதுரை அவரை வரவழைத்திருந்தார். கருவியிலிருந்து புறப்பட்ட செந்நிற ஒளி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் கியர் பெட்டிமேல் குன்றிமணி அளவில் விழுந்தது. பெட்டியின் அதிர்வு பக்கத்துத் திரையில் பச்சைக் கோடாக நெளிந்தது.

"அந்தக் கோடு இன்னாத்துக்கு அப்பிடிக் குதிக்குது? பல்லு ஒடைஞ்சிருக்குதுன்னு சொல்லுதா? யாருகிட்ட! ஸ்குரூட்ரைவரப் பெட்டிமேல வச்சி, பிடியக் காதுல வச்சேன்னா, எந்தப் பல்லு மொனகுதுன்னு சொல்லிடுவேன். சின்ன காஞ்சிபுரத்துல ஒரு மாவு மில்லு... அந்தாளு இருக்காரே, மகா கஞ்சன்... சரி, அத்த வுடு. நீயே காது வச்சிக் கேளேன்! சத்தம் வருதா? பால் குடிச்ச பூனையாட்டம் ஓடுது!"

தனசேகரன் கருவியின் குமிழ் ஒன்றைச் சற்றே திருப்பினார். கோடு மேலும் உயர்ந்தது.

அந்தப் பெட்டியின் பல்சக்கரத்தைப் பொருத்தியவர் ராஜவேலுதான். அது பழுதென்று தெரிந்தால் வேறு மிஸ்திரியைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி முன்தினமே கூறியிருந்தார். ஆகவே ராஜவேலுவின் ஏளனத்தின் சுருதி ஏறியது.

"போன வாரம் கொஞ்சம் கரகரன்னுச்சு, இல்லேங்கல. உன் வெளக்கா அத்த அடக்குச்சு? பெருக்குறவ அம்சா கூட்டித் தள்ளுன பட்டுக் கழிவு மூலையில கெடந்துச்சு. ரெண்டு கை அள்ளி, வெளக்கெண்ணையில ஊறப்போட்டு, பெட்டிக்குள்ள திணிச்சேன். அவ்ளோதான்... கப்சிப்! உங்க காலேஜுல எவன்பா இந்த வித்தையச் சொல்லிக்குடுப்பான்? கேக்குறேன்ல?"

ராஜவேலு திரும்பிப் பார்த்தார். கருவியின் பக்கத்தில் யாருமில்லை. தனசேகரன் முதலாளியின் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"தம்பி... ஏ தம்பி... சார்! சார்!"

சற்றைக்கெல்லாம் அப்பாதுரை வெளியே வந்து, தம் கையாலேயே இயந்திரத்தை நிறுத்தினார்.

"ராஜவேலு, மூடியக் கழட்டு."

ராஜவேலு ஸ்பானரைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"சூடாக் கெடக்குது மொதலாளி... ஆறட்டும்."