கள்ளுக்கடைச் சுவரில் ஓர் ஓட்டை

திருவண்ணாமலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு சாராயக்கடைக்காரரும் அவர் மச்சானும். மதுவிலக்கில் பூட்டிக் கிடந்த பழைய கள்ளுக்கடையைத்தான் அவர் எடுத்து நடத்துகிறாராம்.

"நேத்து மத்தியானம் செவுத்துலேர்ந்து ஒரு கை நீண்டுச்சு மச்சான். ஊத்திக் குடுத்துட்டேன்."

"செவுத்துலேர்ந்தா?"

"பின்செவுத்துல ஓட்டை இருக்குல்ல. அந்தக் காலத்துல சேரி ஜனங்களை உள்ள விடமாட்டாங்க. அது வழியாதான் ஊத்துவாங்களாம். குடிச்ச கிளாஸை அவங்களே கழுவி வெக்கணுமாம்."

"இப்பவும் யாரோ பழக்கத்துல வந்திருப்பாங்க."

"பின்னாடி போய்ப் பாத்தேன். செவுத்தை ஒட்டிக் கிணறு. கடை பூட்டியிருந்தப்ப வெட்டினது. கால் வெக்க எடமில்ல."

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

"கிளாஸு?"

"ஓட்டையிலயே இருந்துச்சு. கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு."