சேர்ந்து அடித்த இரண்டு பெட்டிகள்

கரிபாப் பலகாரத்துக்குள் உருளைக்கிழங்கு போதவில்லை என்று சொல்லிக்கொண்டே என் கணவர் மூன்றாவதையும் எடுத்தார். சிம்பாங் பூலாய் ஊர்க் கடைக்காரி ஏமாற்றிவிட்டாளாம். அன்று அவருக்கு அவ்வளவு குஷி, இன்ஸ்பெக்டர் ஐயா.

வயிரவன் இயற்பியல் விரிவுரையாளர். 1988இல் சுங்காய் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் புகைக்கூடத்தை வாடகைக்கு எடுத்தார். ஜன்னலே கிடையாது, அவருக்கு வேண்டியது இருட்டு. லேசர் ஒரு படிகத்தில் பட்டால் ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறக்கும், ஒன்று இடப்பெட்டிக்கும் மற்றது வலப்பெட்டிக்கும் போகும், இரண்டு பெட்டியும் ஒரே கணத்தில் 'டிக்' என்று அடிக்கும் என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மாதக்கணக்கில், சேர்ந்த டிக் எப்போதாவதுதான் வந்தது. மனுஷர் சிரிப்பதையே விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கம்பி பற்றவைப்பதெல்லாம் நான்தான். ஒன்று அடித்தால் மற்றதும் அடிக்கும்படி உள்ளே ஒரு கம்பியைக் கூடுதலாக இணைத்தேன். மறுநாள் மழைபோல் டிக் டிக். என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார். இருவருக்கும் தலை கிறுகிறுத்தது. அந்த வாரம் முழுக்கக் காரணமில்லாமல் சிரித்தோம்.

பிறகுதான் நான் கேட்காமல் விட்ட பாதியைச் சொன்னார்.

"சேந்து அடிச்சா மட்டும் பத்தாது புனிதா. பெட்டிக்கு முன்னால இருக்கிற, ஒளிய வடிகட்டுற கண்ணாடியத் திருப்பினா அது குறையணும்லா. அப்பத்தான் ரெண்டும் பிணைஞ்சது. இது குறையவே மாட்டேங்குது."

"பெட்டிக்கு உங்க மேல அவ்வளவு ஆசையாக்கும்."

"போடி. உள்ளதான் ஏதோ கோளாறு. இன்னிக்குத் தொறந்து பாத்துருவோம்."

கரிபாப் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தார். அந்தப் பெட்டியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். அதை முதலில் நிறுத்துவது எப்போதும் என் வேலை.

"சுவிட்ச அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சுங்க."

அடைக்கவில்லை. அவருடைய சந்தோஷம் கெடக்கூடாது என்பதற்காகத்தான்.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் நண்பர் சதாசிவம் வந்து, பெட்டியை ஆராய்ந்து, அந்தக் கம்பியைக் கழற்றினார். பொறுமையாக நாள் முழுக்க எண்ணினார். எந்தக் கோணத்திலிருந்து கண்ணாடியைத் திருப்பினாலும் டிக் குறைந்தது.

"கொஞ்சந்தான் வருது, ஆனா நெசம்மா. மொதல்லேர்ந்தே இருந்திருக்கு. இந்தக் கம்பிதான் அத மறைச்சிருச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் சதாசிவம் உங்களிடம் வந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்தில் என் கணவர் ஒரு தடவைகூட என்னைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை. அதில் மட்டும் இன்றுவரை மாற்றமில்லை.